அடுத்த வரிசை ஏன் வேகமாக நகர்கிறது? பேரங்காடிக் கவுண்டரின் கணக்கு

மாதத்தின் முதல் சனிக்கிழமை பிற்பகலில் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் பேரங்காடிக்குள் நுழைந்தால், கவுண்டர் அருகே மூன்று பேச்சுகள் கட்டாயம் காதில் விழும். “இந்தப் பிள்ளைக்குக் கை ரொம்ப மெதுவு.” “முன்னால நிக்கிற பாட்டி சில்லறைய எண்ணியே பொழுதப் போக்குறாங்க.” “அந்த லைனுக்குப் போயிருக்கணும், அங்க கடகடன்னு நகருது பாருங்க.” ஊரின் பெயர் 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று மாறிவிட்டது. சுற்றியிருந்த பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்துவிட்டது. சம்பளம் போட்ட வாரத்து நெரிசல் மட்டும் மாறவில்லை.

மூன்று பேச்சிலும் பழி யாரோ ஒருவர் தலையில்தான் விழுகிறது. பெரும்பாலும் கேஷியர் பிள்ளை, இல்லையென்றால் வயதான ஒருவர். இது என்னை வெகுநாளாக உறுத்தும் விஷயம். அந்தப் பிள்ளை எவ்வளவு வேகமாகக் கை நீட்டினாலும் சில நேரங்களில் வரிசை நீளத்தான் செய்யும். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, வரிசைக் கோட்பாடு என்று அதற்குப் பெயர். மூன்றாம் படிவக் கணக்கு தெரிந்தால் போதும், அடிப்படை பிடிபட்டுவிடும்.

தொடங்கி வைத்தவர் டென்மார்க் நாட்டுக் கணித அறிஞர் அக்னர் கிராருப் எர்லாங். கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். எத்தனை இணைப்புகள் போட்டால் பேச விரும்புகிறவர்கள் அதிகம் காத்திருக்க வேண்டாம் என்பதுதான் அவர் முன்னால் இருந்த கேள்வி. 1909-இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து இந்தத் துறை வளர்ந்தது. தொலைபேசிக்காகப் போட்ட கணக்கு, அரிசி மூட்டையோடு நிற்கிற நமக்கும் பொருந்துகிறது. இரண்டு இடத்திலும் ஆட்கள் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஒவ்வொருவருக்கும் பிடிக்கும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை.

நெரிசல் ஏன் கவுண்டரில் மட்டும் சேர்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். தோட்டத்து மளிகைக் கடையில் கடைக்காரர்தான் சாமானை எடுப்பார், நிறுப்பார், பொட்டலம் கட்டுவார், அட்டையில் 555 என்று போட்ட சின்னக் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். பணம் சம்பளத்தன்று. தேவைப்பட்டபோது தேவைப்பட்டதை வாங்கியதால், சாமான் வாங்கும் வேலை மாதம் முழுக்கப் பரவிக் கிடந்தது. அந்தக் கடன் புத்தகத்துக்கு வேறு வலி இருந்தது. சம்பளம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே கடைக்குப் போய்விட்ட குடும்பங்களை நம் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். அதற்காக ஏங்கச் சொல்லவில்லை. கடையில் நெரிசல் குறைவாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறேன்.

வாடிக்கையாளரே கூடையைத் தூக்கிக்கொண்டு சாமான் எடுக்கும் முறையை 1916-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் தன் பிக்லி விக்லி கடையில் கொண்டுவந்தார். ஐம்பது பேர் ஒரே நேரத்தில் அலமாரிகளில் பொருள் எடுக்கலாம், யாருக்காகவும் யாரும் நிற்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஐம்பது பேரும் வெளியே போவதற்கு முன்னால் ஓர் இடத்தில் நின்று பணம் கட்டியாக வேண்டும். கடைக்குள் எங்கும் பரவியிருந்த காத்திருப்பு அந்த ஓர் இடத்தில் வந்து குவிந்தது. 1974 ஜூன் 26-ஆம் தேதி ஒஹாயோ மாநிலத்தின் டிராய் ஊரில் ஒரு பாக்கெட் சூயிங்கம் முதன்முதலாகப் பார்கோடு வழியாக விற்கப்பட்டது. அதன்பிறகு விலையைத் தட்டி ஏற்றும் நேரம் குறைந்தது. இப்போது நம் ஊர் கவுண்டரில் 955 என்று தொடங்கும் மலேசியப் பார்கோடு ‘பீப்’ என்று ஒரு கணத்தில் போய்விடுகிறது. நேரம் பிடிப்பது பணம் கட்டுவதில்தான்.

இதோடு சம்பள நாளையும் சேர்த்துப் பாருங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஒரு மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். எனவே தோட்டத்திலும் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிறவர்கள் கையில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் காசு வருகிறது, வார விடுமுறையும் எல்லாருக்கும் ஒன்றாகவே வருகிறது. பால்மரம் சீவிய காலத்தில் பால் நிறுக்கும் இடத்தில் நின்றவர்களுக்கு இது புதிதல்ல. காலையில் எல்லாரும் ஒன்றாகக் காட்டுக்குள் போனார்கள், ஒன்றாகவே வாளியோடு திரும்பினார்கள். தராசு ஒன்று, கணக்கு எழுதும் கிராணி ஒருவர். கவுண்டரிலும் நடப்பது அதுதான்.

இனி கணக்குக்கு வருவோம். இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஒரே ஒரு கவுண்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆளுக்குச் சராசரியாக 3 நிமிடம். அப்படியானால் மணிக்கு 20 பேரை அந்தக் கவுண்டரால் அனுப்ப முடியும். மணிக்கு 18 பேர்தான் வருகிறார்கள் என்றால் வரிசை வரக்கூடாதே என்று தோன்றும். 20 பேருக்கு இடம் இருக்கிறது, வருவது 18 தானே? மேலாளரும் அப்படித்தான் நினைக்கிறார். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

ஆட்கள் 3 நிமிடம் 20 விநாடிக்கு ஒருவர் என்று மணி அடித்தாற்போல வருவதில்லை. பத்து நிமிடம் யாருமே இல்லை, பிறகு ஒரே வேன் வந்து நின்று ஐந்து பேர் இறங்குகிறார்கள். யாரும் இல்லாத அந்தப் பத்து நிமிடத்தில் கேஷியர் சும்மா நின்ற நேரத்தைச் சேமித்து வைத்து, ஐந்து பேர் வரும்போது எடுத்துச் செலவழிக்க முடியாது. போன நிமிடம் போனதுதான். ஆனால் சேர்ந்துவிட்ட வரிசை தானாகக் கரையாது. அது அடுத்து வருகிறவர் தலையில் ஏறும். நஷ்டம் சேர்ந்துகொண்டே போகும், லாபம் சேராது. வரிசைக் கோட்பாட்டின் அடிப்படை இவ்வளவுதான்.

இதை எண்ணாக்கிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். மணிக்கு 10 பேர் வந்தால், தன் முறை வரும்வரை ஒருவர் சராசரியாகக் காத்திருப்பது 3 நிமிடம். 15 பேர் வந்தால் 9 நிமிடம். 18 பேர் வந்தால் 27 நிமிடம். இன்னும் ஒரே ஓர் ஆள் கூடி 19 ஆனால் 57 நிமிடம்! ஆள் ஒன்று கூடியது, காத்திருப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. வருகையும் ஆளுக்குப் பிடிக்கும் நேரமும் தாறுமாறாக ஏறி இறங்கும் என்ற கணக்கில், நீண்ட நேரம் இப்படியே ஓடினால் வரும் சராசரி இது. உண்மையில் அவ்வளவு நீளும் முன்பே சிலர் கூடையை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஆனாலும் போக்கு இதுதான். கவுண்டர் பாதி நிறைந்திருக்கும்வரை யாருக்கும் எதுவும் தெரியாது. முக்கால் தாண்டிய பிறகு ஒவ்வொரு சின்னக் கூடுதலும் பூதமாக வளரும்.

சூத்திரம் வேண்டும் என்பவர்களுக்கு: கவுண்டர் எந்த அளவு நிறைந்திருக்கிறதோ அதை, மிச்சம் இருக்கும் காலி அளவால் வகுத்து, ஓர் ஆளுக்கு ஆகும் நேரத்தால் பெருக்குங்கள். 18 பேர் என்றால் கவுண்டர் 90 விழுக்காடு நிறைவு, 10 விழுக்காடு காலி. 90-ஐ 10-ஆல் வகுத்தால் 9. அதை 3 நிமிடத்தால் பெருக்கினால் 27. காலி அளவு குறையக் குறைய விடை எகிறுவதற்குக் காரணம், அது வகுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பதுதான். ஆகவே கேஷியர் சற்று நேரம் சும்மா நிற்பதைப் பார்த்து “சம்பளம் வாங்கிட்டுச் சும்மா நிக்குது” என்று சொல்வது எவ்வளவு அநியாயம் என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் சும்மா நேரம் இருப்பதால்தான் நாம் 27 நிமிடம் நிற்காமல் தப்பிக்கிறோம்.

இதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால் நம் கையில் என்ன இருக்கிறது என்று தெரியும். மணிக்கு 18 பேர் வரும் அதே கவுண்டரில், ஒவ்வொருவரும் 15 விநாடி மட்டும் மிச்சம் பிடித்தால் என்ன ஆகும்? 3 நிமிடம் 2 நிமிடம் 45 விநாடி ஆகிறது. காத்திருப்பு 27 நிமிடத்திலிருந்து 13 நிமிடத்துக்கு இறங்கிவிடுகிறது. வெறும் 15 விநாடி. பில் போட்டு முடிந்த பிறகு கைப்பையைத் திறந்து, அதற்குள் இருக்கும் சின்னப் பையைத் திறந்து, அட்டையைத் தேடுகிற நேரம் அதைவிட அதிகம்.

வரிசையை நீட்டும் இன்னொன்று, ஆளுக்கு ஆள் நேரம் மாறுவது. எல்லாருக்கும் சரியாக 3 நிமிடம்தான் பிடிக்கும், ஒரு விநாடி கூடாது குறையாது என்று இருந்தால், அந்த 27 நிமிடம் பதின்மூன்றரையாகப் பாதி ஆகிவிடும். சராசரி மாறவே இல்லை, ஏற்ற இறக்கம் போனதே போதும். எனவே ஒருவருக்கு 1 நிமிடமும் அடுத்தவருக்கு 8 நிமிடமும் ஆகிற கவுண்டர், எல்லாருக்கும் நிதானமாக ஒரே நேரம் எடுக்கும் கவுண்டரைவிட மோசமாக அடைபடும்.

நம் ஊரில் அந்த 8 நிமிடம் எங்கிருந்து வருகிறது? இப்போதெல்லாம் அடிக்கடி காணும் காட்சி இது. ஐம்பது வயது தாண்டிய அம்மா ஒருவர், அரிசி மூட்டை, எண்ணெய், முட்டை, மத்தி மீன் டின், மாவு, அதோடு ஒரு பாக்கெட் ஊதுபத்தி, கற்பூரம். அடிப்படைப் பொருள் வாங்க அரசாங்கம் கொடுக்கும் சாரா உதவித்தொகை, மைகார்டு என்ற அடையாள அட்டையில் இருக்கிறது. கேஷியர் பிள்ளை கார்டை வாங்கிக் கருவியில் செருகுகிறாள், படிக்கவில்லை. சிப்பைத் துணியில் துடைத்து மறுபடி செருகுகிறாள், படிக்கிறது. “ஆன்டி, ஊதுபத்தி, சூடம் கார்டுல வராது. காசு கட்டுறீங்களா?” “எவ்வளவும்மா?” அது தனி பில். முந்தானை முடிச்சு அவிழ்கிறது. ஒரு ரிங்கிட் தாள்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. “பை வேணுமா ஆன்டி? இருபது காசு.” முதலில் வேண்டாம், பிறகு அரிசி தவிர மற்றதைக் கையில் பிடிக்க முடியாது என்று தெரிந்து, ஒன்று கொடு. அதற்கு இன்னொரு பில்.

இதில் யார் மேல் தவறு? அந்த அம்மா ஏமாற்றவில்லை, அலட்சியமும் இல்லை. அரசாங்கம் கொடுத்த உதவியை அரசாங்கம் சொன்ன வழியில் வாங்குகிறார். பிள்ளையும் ஒரு நொடி வீணாக்கவில்லை. 2025 ஆகஸ்டு 31-ஆம் தேதி 18 வயது நிரம்பிய குடிமக்கள் எல்லாருக்கும் 100 ரிங்கிட் மைகார்டில் வந்தபோது, முதல் நாளே பயன்படுத்தப் போனவர்களின் நெரிசலில் அந்தக் கணினி அமைப்பே தடுமாறியது. அதுவும் வரிசைக் கோட்பாடுதான்; வரிசை கண்ணுக்குத் தெரியாத கம்பிக்குள் நின்றது, அவ்வளவு வித்தியாசம். பின்னால் நிற்பவர்கள் முகம் சுளிக்கும்போது கூசிப்போவது அந்த அம்மாதான். அந்தக் கூச்சத்தில் கை இன்னும் தடுமாறும்.

இதற்குக் கடைகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உதவித்தொகை அட்டைக்கென்று முதல் இரண்டு வாரம் தனிக் கவுண்டர் ஒன்று, கார்டில் வரும் பொருளுக்கு அலமாரியிலேயே ஓர் அடையாளம். நீண்ட நேரம் பிடிப்பவர்கள் ஒரு பக்கமும் குறைந்த நேரம் பிடிப்பவர்கள் ஒரு பக்கமுமாகப் பிரிந்தால் இரண்டு பக்கமும் ஏற்ற இறக்கம் குறையும். அந்தக் கவுண்டரில் உட்கார நாற்காலி போட்டால் பெரிய புண்ணியம்.

அடுத்த வரிசை வேகமாகப் போவதாகத் தோன்றுகிறதே, அது வெறும் மனப்பிரமையா? முழுக்கப் பிரமை என்று சொல்ல முடியாது. மூன்று கவுண்டர் திறந்திருக்கிறது, நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். மூன்றும் ஒரே தரம் என்றால், உங்கள் வரிசையே முதலில் முடிய மூன்றில் ஒரு வாய்ப்புதான். மீதி இரண்டு பங்கு வாய்ப்பில் இடப்பக்கமோ வலப்பக்கமோ உங்களை முந்தும். நீங்கள் துரதிர்ஷ்டசாலி என்பதால் அல்ல, பக்கத்தில் இரண்டு வரிசை இருப்பதால். நம் வரிசை முந்திய நாளில் காசைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம், அது ஞாபகத்தில் நிற்பதில்லை. பிந்திய நாளில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

சரி, எந்த வரிசையில் நிற்பது? சாமான் குறைவாக இருக்கும் வரிசையா, ஆள் குறைவாக இருக்கும் வரிசையா? டேன் மேயர் என்ற அமெரிக்கக் கணித ஆசிரியர் கவுண்டர் நேரங்களை எடுத்து ஆராய்ந்து பார்த்தார். ஒரு பொருளுக்கு ஏறக்குறைய 3 விநாடி. ஆனால் ஓர் ஆளுக்கு, பொருள் எதுவும் இல்லாமலே, 41 விநாடி. வணக்கம் சொல்ல, பணம் எடுக்க, மீதி வாங்க, நகர. அந்தக் கணக்குப்படி 100 பொருளோடு ஒருவர் நிற்கும் வரிசை 341 விநாடியில், அதாவது 6 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆளுக்கு 20 பொருளோடு நால்வர் நிற்கும் வரிசைக்கு 404 விநாடி. கிட்டத்தட்ட 7 நிமிடம். 80 பொருள், 100 பொருளைவிட அதிக நேரம் எடுக்கிறது! மலைபோலக் குவிந்த டிராலியைக் கண்டு ஓடவேண்டியதில்லை. ஆட்களை எண்ணுங்கள். நம் ஊரில் மைகார்டும், உறுப்பினர் எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்வதும், கூரைத் தகரத்துக்கு அடியில் இணையம் கிடைக்காமல் கியூஆர் சுற்றிக்கொண்டே இருப்பதும் சேர்ந்து அந்த 41 விநாடியை இன்னும் பெரிதாக்குகின்றன. எனவே இங்கே ஆள் எண்ணிக்கைக்கு மதிப்பு இன்னும் கூடுதல்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று நின்ற இடத்திலேயே கணிக்க ஓர் எளிய வழியும் உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி அது: வரிசையில் இருப்பவர்களின் சராசரி எண்ணிக்கை என்பது, ஒரு நிமிடத்தில் வருகிறவர்களின் எண்ணிக்கையை ஒருவர் நிற்கும் நேரத்தால் பெருக்கியது. நமக்கு வேண்டியபடி மாற்றினால், கடிகாரத்தைப் பார்த்து 6 நிமிடத்தில் எத்தனை பேர் முடித்துப் போகிறார்கள் என்று எண்ணுங்கள். 2 பேர் என்றால் ஆளுக்கு 3 நிமிடம். முன்னால் 7 பேர் என்றால் 21 நிமிடம். நிற்பதா, பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) காய்கறி வாங்கிக்கொண்டு பிறகு வருவதா என்று முடிவெடுக்கலாம்.

எல்லாவற்றையும்விட நல்ல தீர்வு, ஒரே வரிசை. இரண்டு கவுண்டர், ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 18 பேர், தனித்தனி வரிசை என்றால் காத்திருப்பு 27 நிமிடம். அதே இரண்டு கவுண்டர், அதே 36 பேர், ஆனால் ஒரே வரிசையில் நின்று எந்தக் கவுண்டர் காலியாகிறதோ அங்கே போகிறார்கள் என்றால் 13 நிமிடம் கூட ஆகாது. கேஷியர் கூடவில்லை, கருவி கூடவில்லை. இங்கே ஒருவர் மாட்டிக்கொண்டு நிற்கும்போது பக்கத்துக் கவுண்டர் காலியாக இருக்கும் நிலை போய்விடுகிறது, அவ்வளவுதான். தனி வரிசைகளிலும் மக்கள் இங்கிருந்து அங்கே தாவுவதால் உண்மையான வித்தியாசம் இதைவிடக் குறைவாக இருக்கும். ஆனால் தாவல்தானே சண்டைக்கு மூலம்! புதிதாக ஒரு கவுண்டர் திறந்தவுடன் கடைசியில் நின்றவர் ஓடிப்போய் முதல் ஆளாக நிற்பார், அரை மணி நேரம் நின்றவர் அங்கேயே நிற்பார். ஒரே வரிசையில் பின்னால் வந்தவர் முந்தவே முடியாது. காத்திருப்பு நியாயமாக இல்லாதபோது அது நீண்டதாகத் தோன்றும் என்று 1985-இல் டேவிட் மைஸ்டர் எழுதினார். எத்தனை நேரம் என்று தெரியாமல் நிற்பதும், செய்ய ஒன்றும் இல்லாமல் நிற்பதும் அப்படித்தான் என்றார். நின்றவர்களுக்கு அது புரியும்.

இது நமக்குப் பழகாத முறையும் அல்ல. வங்கியில், தபால் நிலையத்தில் எண் சீட்டு எடுத்துக்கொண்டு உட்காருகிறோமே, அது ஒரே வரிசைதான். பேரங்காடியில் டிராலியோடு நிற்க இடம் அதிகம் வேண்டும், வாசலில் நீண்ட ஒற்றை வரிசையைக் கண்டு ஆட்கள் மிரண்டு திரும்பிவிடுவார்கள் என்ற பயம் கடைக்காரருக்கு உண்டு. கூடை மட்டும் வைத்திருப்பவர்களுக்காவது இரண்டு கவுண்டருக்கு ஒரே வரிசை போட்டுப் பார்க்கலாம். தரையில் ஒட்டும் டேப் போதும்.

நம் பக்கம் செய்யக்கூடியவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். காய்கறியை, தளர்வாக அள்ளிய வெங்காயத்தை, அங்கேயே நிறுத்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வாருங்கள். கவுண்டரில் நிறுக்க முடியாது, யாராவது ஓட வேண்டும். “அக்கா, இதக் கொஞ்சம் பாத்துக்குங்க, இதோ வந்துர்றேன்” என்று கூடையை வரிசையில் நிறுத்திவிட்டுப் பால் மாவு தேடப் போகாதீர்கள். உங்கள் முறை வரும்போது நீங்கள் இல்லையென்றால் கவுண்டரின் நிமிடம் வீணாகிறது. பையை வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள். சிலாங்கூரில் 2017-இல் பைக்கு 20 சென் வாங்கத் தொடங்கினார்கள், அந்தக் கேள்வி பதிலே மிச்சமாகும். உதவித்தொகையில் வாங்குவதையும் காசுக்கு வாங்குவதையும் பெல்ட்டில் தனித்தனியாக அடுக்குங்கள்.

இரண்டு சென் தகராறு ஒன்றும் அடிக்கடி நடக்கிறது, அதற்கும் விளக்கம் சொல்லிவிடலாம். 2008 ஏப்ரல் முதல் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகை 5 சென்னுக்குச் சரிசெய்யப்படுகிறது. கடைசி இலக்கம் 1, 2 என்றால் 0. 3, 4 என்றால் 5. 6, 7 என்றால் 5. 8, 9 என்றால் அடுத்த 10. எனவே 23 ரிங்கிட் 47 சென்னுக்கு 23.45 கட்டுவீர்கள், 23.48 என்றால் 23.50. கேஷியர் எடுத்துக்கொள்வதில்லை, பில்லிலேயே அச்சாகிறது. அட்டையிலோ கைப்பேசியிலோ கட்டினால் சரியான தொகைதான் கழியும். கவுண்டரில் நின்று வாதாடாமல் பில்லை ஓரமாக நின்று பார்க்கலாம். விலைச் சீட்டில் ஒன்றும் பில்லில் வேறொன்றும் இருந்தால் அது வேறு விஷயம், அதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

கடைசியாக, ‘துத்துப்’ (மூடியிருக்கிறது) பலகை வைத்த அந்த மூன்றாவது கவுண்டர். மேலாளர்கள் வரிசை அலமாரிவரை நீண்ட பிறகுதான், சாமான் அடுக்கிக்கொண்டிருக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு அதைத் திறக்கிறார்கள். இரண்டு கவுண்டர் மணிக்கு 40 பேரை அனுப்பும், வருவது 36 பேர், ஏற்கெனவே 20 பேர் தேங்கிவிட்டார்கள் என்று வையுங்கள். அந்த இரண்டு கவுண்டராலேயே தேக்கத்தைக் கரைக்க மணிக்கு 4 பேராக 5 மணி நேரம் ஆகும். சனிக்கிழமை மூன்று மணிக்கு அடைத்தது எட்டு மணிக்குத்தான் விடும். மூன்றாவதைத் திறந்தால் மணிக்கு 24 பேராகக் கரையும், 50 நிமிடத்தில் முடிந்துவிடும். அதையே 5 பேர் தேங்கிய நிலையில் திறந்திருந்தால் 12, 13 நிமிடம். பிறகு அந்தப் பிள்ளை மறுபடி அலமாரிக்குப் போய்விடலாம். சீக்கிரம் திறந்தால் கடைக்குக் கூலி கூடுவதில்லை, குறைகிறது.

வார நாளில் வரக்கூடியவர்கள், மாதப் பிற்பாதியில் வரக்கூடியவர்கள் அப்படி வந்தால் மற்றவர்களுக்கும் நல்லது. ஆனால் தோட்டத்து வேனில் இடம் கிடைத்தால்தான் பட்டணம் பார்க்க முடியும் என்ற குடும்பங்களால் நேரத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆகவே அடுத்த முறை நெரிசல் இல்லாத ஒரு நாளில் மேலாளரைப் பார்த்து இப்படிக் கேளுங்கள்: “முதல் வாரச் சனிக்கிழமை, ஒரு லைன்ல ஆறாவது ஆள் நின்னதும் மூணாவது கவுண்டரத் திறந்துடுங்கண்ணே. வரிசை நீளுற வரைக்கும் காத்திருக்காதீங்க.”